முதல் 25 ஆல்பங்கள்: பெங்களூரில் இசைச் சேகரிப்பைத் தொடங்கும் தமிழருக்கு

வேலை கிடைத்துப் பெங்களூர் வந்து, வாடகைக்கு ஓர் அறை பிடித்து, மாதக் கடைசியில் கையில் நாலு காசு மிஞ்சத் தொடங்கும்போது பலருக்கும் ஓர் ஆசை வருகிறது. இனிமேல் பாட்டை ஒழுங்காகக் கேட்க வேண்டும், நல்ல ஆல்பங்களாகப் பார்த்துச் சேர்க்க வேண்டும் என்ற ஆசை. உடனே தேடுவது ‘கேட்டே தீர வேண்டிய 100’ என்கிற மாதிரி ஒரு பட்டியலை. அந்த வழியில் போகாதீர்கள். பட்டியலைப் பார்த்து மொத்தமாகச் சேர்த்தவை பெரும்பாலும் ஒரு முறைகூட முழுதாகக் கேட்கப்படாமல் கிடக்கும். ஓர் ஆல்பத்தைக் கேட்டதால் இன்னொன்றைத் தேடிப் போனோம், அது மூன்றாவதைக் காட்டிக் கொடுத்தது என்று வளர்கிற சேகரிப்புதான் நிலைக்கும். கீழே சொல்லும் படிகள் அந்த ஓர் எண்ணத்தைப் பிடித்துக்கொண்டே போகின்றன.

25 என்பது நான் வைத்த அளவு. மாதத்துக்கு இரண்டு என்று வாங்கினால் ஓராண்டு முடிந்த கையோடு நிறைந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம் கிடைக்கும். எல்.பி. தட்டா, சி.டி.யா, கணினியில் கோப்பா என்ற கேள்வியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

எதை ஆல்பம் என்று எடுத்துக்கொள்வது

நமக்குப் பாட்டு பழக்கம், ஆல்பம் அவ்வளவு பழக்கமில்லை. அதற்குக் காரணம் தட்டின் அளவு. 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிப் பதிவான காலத்திலிருந்து பல பத்தாண்டுகள் புழங்கியவை நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் தட்டுகள். பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம்தான். 1948இல் அமெரிக்காவில் எல்.பி. வந்த பிறகே பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இடம் கிடைத்தது. நம்மூர்ச் சினிமாப் பாட்டுகளோ வெகுகாலம் ஏழங்குல ஈ.பி. தட்டில், நான்கு பாட்டாக வந்தன. பிறகு கேசட் வந்தது. ஒரு பக்கம் ஒரு படம், மறுபக்கம் வேறொரு படம். தெருமுனைக் கடையில் நமக்குப் பிடித்த பாட்டுகளை எழுதிக் கொடுத்து 90 நிமிடக் கேசட்டில் பதிந்து வாங்கிய பழக்கமும் நம்மிடம் உண்டு. எனவே தனிப் பாட்டாகக் கேட்பது நம் குறை அல்ல, வரலாறு அப்படி.

வாங்கும் முன் மூன்று விஷயம் பாருங்கள். இந்தப் பதிவுகள் ஒரே காலத்தில், ஒரே குழுவினரால் செய்யப்பட்டவையா? பக்கவாத்தியக்காரர்கள் பெயர் இருக்கிறதா? பாட்டுகளின் வரிசை கலைஞர்கள் வைத்ததா, பின்னால் யாரோ அடுக்கியதா? ‘பொற்காலப் பாடல்கள்’, ‘என்றும் இனியவை’ வகைத் தொகுப்புகள் இந்தச் சோதனையில் தேறாது. கைப்பேசிச் செயலிகளில் காட்டும் ஆண்டையும் நம்பிவிடக் கூடாது. பல நேரம் அது மறுவெளியீடு செய்த ஆண்டாக இருக்கும். 1960களில் வந்த தட்டுக்கு 2000க்குப் பிந்தைய ஆண்டு போட்டிருப்பதைப் பார்க்கலாம். பழைய அட்டையின் பின்பக்கப் படம் இணையத்தில் கிடைத்தால் அதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

முதல் படி: வீட்டில் ஒலித்ததை எழுதுங்கள்

கடைக்குப் போகும் முன் ஊருக்குப் போன் செய்யுங்கள். சின்ன வயதில் வீட்டில், தெருவில், கோயில் ஒலிபெருக்கியில் என்னென்ன போட்டார்கள் என்று அம்மாவிடமும் பெரியப்பாவிடமும் கேட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். ‘மார்கழி மாசம் டீக்கடையில் போடுவாங்களே’ என்று அவர்கள் அரைகுறையாகச் சொன்னாலும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் காது ஏற்கெனவே தேர்ந்தெடுத்து வைத்திருப்பவை அவை. முதல் மூன்று ஆல்பம் அந்த நோட்டிலிருந்துதான் வர வேண்டும்.

பல வீடுகளில் எழுதும் முதல் பெயர் எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதமாக இருக்கும். 1963இல் எச்.எம்.வி. வெளியிட்ட எல்.பி. அது. விடியற்காலையில் பல் தேய்த்துக்கொண்டே கேட்ட ஒன்றை, இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். எம்.எஸ்ஸின் குரலுக்கு அடியில் ராதா விஸ்வநாதனின் குரல் தனியாகப் பிரிந்து கேட்கும். இரண்டு பேரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கி ஒரே இடத்தில் சொல்லை முடிக்கிறார்கள். வடமொழியின் நீண்ட தொடர்களை எங்கே பிரித்தால் பொருள் சிதையாதோ அங்கே மட்டும் பிரிக்கிறார்கள். இத்தனை வருடம் காதில் விழுந்தும் கேட்காமல் போனது இது. இதைப் பிடித்தவர்கள் அடுத்து பஜகோவிந்தத்துக்குப் போகலாம். ராஜாஜியின் குரலில் ஆங்கில முன்னுரை இருக்கும் பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள்.

முருகன் பாட்டு ஒலித்த வீடு என்றால் சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம் நோட்டில் இருக்கும். அதனோடு இந்த ஊரின் பெயரையே தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்ட பெங்களூர் ஏ.ஆர். ரமணியம்மாளைச் சேருங்கள். ‘குன்றத்திலே குமரனுக்குக் கொண்டாட்டம்’ என்று அவர் எடுத்துக் கொடுக்க, கூட இருப்பவர்கள் வாங்கிப் பாட, தாளம் ஏறிக்கொண்டே போகும். மேடைக் கச்சேரி வேறு, பஜனை வேறு என்பதைச் சொல்லாமல் சொல்லித்தரும் பதிவு அது. நாகூர் ஈ.எம். ஹனீபாவின் பாட்டு ஒலித்த தெரு என்றால் ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ இருக்கும் ஆல்பத்தை எடுங்கள். உச்சத்திலேயே தொடங்கி அங்கேயே நிற்கும் அந்தக் கணீர்க் குரலைக் கேட்டால், ஒலிபெருக்கி இல்லாத திடலிலும் எட்டியிருக்கும் என்று தோன்றும். மத அடையாளம் பார்த்து இதை ஒதுக்கும் சேகரிப்பு தமிழ்ச் சேகரிப்பு ஆகாது.

இன்னொன்றையும் மறக்காதீர்கள். ‘திருவிளையாடல்’, ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படங்களின் கதை வசன ஒலிச்சித்திரம் திருவிழாக் காலத்தில் ஊரெல்லாம் ஒலித்தது. அது இசையா என்று கேட்பார்கள். தமிழின் ஓசையைக் கேட்க அதைவிட நல்ல பதிவு எனக்குத் தெரிந்து இல்லை. ஓர் இடம் கொடுக்கலாம்.

இரண்டாம் படி: கர்நாடக இசை, மூன்று காலமாக

இங்கேதான் புதியவர்கள் மிரள்கிறார்கள். ராகம் தெரியாது, தாளம் தெரியாது, எங்கே தொடங்குவது? ராகம் தெரிய வேண்டியதில்லை. 78 தட்டு, எல்.பி., நேரடிக் கச்சேரி என்று பதிவு முறையின் வழியாக உள்ளே போங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு எடுத்தால் ஆறு ஆகிறது.

78 தட்டுக் காலத்துக்கு, சி.டி.யாகவோ கோப்பாகவோ வந்திருக்கும் மறுவெளியீடு போதும். டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் நாதஸ்வரத் தோடியைக் கட்டாயம் எடுங்கள். கோயில் வீதியில் மணிக்கணக்கில் ஒரே ராகத்தை வாசித்தவர் சில நிமிடத்துக்குள் அதைக் கொண்டுவந்து வைக்கிறார். சுருக்கியது போலவே இருக்காது. அடுத்து என்.சி. வசந்தகோகிலம். 1951இல் சிறிய வயதிலேயே மறைந்துவிட்டார், எல்.பி. நம் நாட்டில் பரவும் முன்பே போய்விட்டதால் அவர் குரல் நமக்கு மிஞ்சியிருப்பது 78 தட்டுகளால்தான். நேரம் இல்லை என்பதை உணர்ந்து ஒவ்வொரு சொல்லையும் தெளிவாக வைக்கும் அந்த நாட்களின் பாட்டு, இன்றைய அவசரக் காதுக்கும் உடனே பிடிபடும். ‘கரகர’ என்ற இரைச்சல் முதல் அரை மணி நேரம் தொந்தரவாக இருக்கும், பிறகு மறைந்துபோகும். இரைச்சலை முழுக்க நீக்கிய பதிப்பைவிடச் சற்று விட்டுவைத்ததே நல்லது. நீக்கும்போது குரலின் மேல்முனையும் சேர்ந்து போய்விடுகிறது.

எல்.பி. காலத்துக்கு லால்குடி ஜெயராமனின் வயலின், என். ரமணியின் புல்லாங்குழல், ஆர். வெங்கட்ராமனின் வீணை மூன்றும் சேர்ந்த பதிவு. ஒரே சங்கதியை, அதாவது ஒரு வரியைச் சற்றே மாற்றி இசைக்கும் வடிவத்தை, வில்லும் மூச்சும் மீட்டலும் எப்படி வேறுவேறாகச் சொல்கின்றன என்பது இதில் தெளிவாகத் தெரியும். வாத்தியம் கேட்டுப் பழகாதவர்களுக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை. இன்னொன்று எம்.எல். வசந்தகுமாரியின் திருப்பாவை. முப்பது பாசுரம், மெட்டு அரியக்குடி ராமானுஜ ஐயங்காருடையது. நாளுக்கு ஒன்றாக முப்பது நாளும் கேட்டால் பல ராகங்கள் பெயர் தெரியாமலேயே காதில் குடியேறிவிடும். மார்கழி வரை காத்திருக்க வேண்டும் என்பதில்லை.

நேரடிப் பதிவில் கவனமாக இருங்கள். துண்டு துண்டாக வெட்டியது வேண்டாம். வர்ணத்தில் தொடங்கி மங்களத்தில் முடிகிற முழுக் கச்சேரி, நடுவில் மிருதங்கம் தனித்து ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் வெட்டப்படாமல் இருக்க வேண்டும். தனியை வெட்டிவிட்டு வெளியிடும் பழக்கம் எனக்குக் கோபத்தை வரவழைக்கும் விஷயம். மிருதங்கக்காரர் இரண்டரை மணி நேரம் உழைத்துக் கட்டியதன் முடிவு அங்கேதான் இருக்கிறது. 1977இல் நியூயார்க் கார்னகி மண்டபத்தில் எம்.எஸ். பாடிய பதிவு ஒன்று. சென்னை டிசம்பர் சீசன் கச்சேரிகளைச் சார்சுர் நிறுவனம் வெளியிட்ட வரிசையிலிருந்து இப்போது பாடிக்கொண்டிருக்கும் ஒருவர், சஞ்சய் சுப்ரமணியனோ அருணா சாயிராமோ உங்களுக்குப் பிடித்தவர், இன்னொன்று.

இங்கிருந்து மேலே போக என் வழி, பாடகரை விட்டுவிட்டு மிருதங்கக்காரரைப் பின்தொடர்வது. பாலக்காடு மணி ஐயர் அரியக்குடிக்கும் வாசித்தார், செம்பைக்கும் வாசித்தார், ஜி.என்.பி.க்கும் வாசித்தார். அவர் பெயர் இருக்கும் பதிவுகளைத் தேடினாலே ஒரு தலைமுறைப் பாடகர்கள் வரிசையாக வந்து நிற்பார்கள். இடக்கைப் பழக்கமுள்ள பழனி சுப்ரமணிய பிள்ளையைப் பின்தொடர்ந்தால் வேறொரு வரிசை கிடைக்கும்.

ஆல்பத்தைக் கேட்டதோடு நிறுத்தாமல் ஆளையும் போய்க் கேளுங்கள். பெங்களூரில் அதற்குப் பஞ்சமே இல்லை. சாமராஜப்பேட்டைக் கோட்டை உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் ஸ்ரீராம சேவா மண்டலி 1939இலிருந்து ராமநவமியை ஒட்டிக் கச்சேரிகள் நடத்துகிறது. கே.ஆர். சாலையில் காயன சமாஜம் 1905இல் தொடங்கியது. மல்லேஸ்வரம் பக்கம் வயலின் வடிவிலேயே கட்டிய சௌடையா நினைவு மண்டபம் இருக்கிறது. ஏழு தந்தி வயலின் வாசித்த டி. சௌடையாவின் பெயரில். ஜே.பி. நகரின் இந்தியன் மியூசிக் எக்ஸ்பீரியன்ஸ் அருங்காட்சியகத்துக்கு ஒரு சனிக்கிழமை ஒதுக்கினால் பழைய கிராமபோன்களையும் தட்டுகளையும் கண்ணால் பார்த்துவிடலாம்.

மூன்றாம் படி: திரையிசை, ஒருவருக்கு ஒன்று

திரைப்பாட்டில் கட்டுப்பாடு இல்லாவிட்டால் 25 இடமும் இதிலேயே போய்விடும். நான் சொல்லும் விதி: ஓர் இசையமைப்பாளருக்கு ஓர் ஆல்பம். இளையராஜாவுக்கு மட்டும் இரண்டு. தேர்வு செய்யும்போது அதிகம் ஓடிய பாட்டு எது என்று பார்க்காமல், படம் முழுக்க ஒரே ஒலியுலகம் எதில் இருக்கிறது என்று பாருங்கள்.

விஸ்வநாதன் – ராமமூர்த்திக்கு ‘கர்ணன்’, 1964. இருவரும் அடுத்த ஆண்டு பிரிந்துவிட்டார்கள். சேர்ந்திருந்த காலத்தின் சிகரம் இது. வட இந்திய ராகங்களின் சாயல் படமெங்கும் ஓடுகிறது. சீர்காழி கோவிந்தராஜன் பாடிய ‘உள்ளத்தில் நல்ல உள்ளம்’ சக்கரவாக ராகம். அதற்கு நெருங்கிய உறவுள்ள இந்துஸ்தானி ராகம் ஆஹிர் பைரவ். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த படியில் தேவைப்படும்.

கே.வி. மகாதேவனுக்கு ‘தில்லானா மோகனாம்பாள்’, 1968. திரையில் சிவாஜி வாசிக்க, ஒலிப்பது மதுரை சேதுராமன் – பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரம். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்ட காதோடு இதற்கு வந்தால் இரட்டை நாயனம் என்ன செய்கிறது என்பது புரியும். ஏ.ஆர். ரஹ்மானுக்கு ‘ரோஜா’, 1992. முதல் படத்துக்கே தேசிய விருது வாங்கினார். அதற்கு முன்பும் பின்பும் வந்த தமிழ்ப் பதிவுகளை அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தால், கீழ்ஸ்தாயி ஒலி எவ்வளவு முன்னால் வந்து நிற்கிறது என்று யாரும் சொல்லாமலே தெரியும்.

இளையராஜாவைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1976இல் ‘அன்னக்கிளி’யோடு வந்தார்; அது நாட்டுப்புறப் பாட்டுக்குத் திறக்கும் கதவு. 1985இன் ‘சிந்து பைரவி’ கர்நாடக இசைக்குத் திறக்கும் கதவு, கே.எஸ். சித்ராவுக்கும் இளையராஜாவுக்கும் தேசிய விருது தந்த படம். இரண்டில் எது உங்களுக்குத் தூரமாகத் தெரிகிறதோ அதை எடுங்கள். இரண்டாவது இடம் சினிமாவுக்கு வெளியே: 1986இல் வந்த ‘ஹவ் டு நேம் இட்’. தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாஹுக்கும் காணிக்கையாக்கிய ஆல்பம். வி.எஸ். நரசிம்மனின் வயலின் ஒரு கர்நாடகக் கோட்டை இழுத்துக்கொண்டு போக, மற்ற வயலின்கள் அதன் அடியில் வேறு கோடுகளைப் போடுகின்றன. ஒரு முறை கேட்கும்போது முன்னால் போகும் வயலினை மட்டும் கவனியுங்கள். மறுமுறை அதை விட்டுவிட்டு, கீழே செல்லோவின் கோட்டை மட்டும் பிடியுங்கள். முதல் தடவை துணையாகத் தெரிந்தது தனக்கென ஒரு பாட்டைப் பாடிக்கொண்டிருப்பது கேட்கும். இந்தப் பயிற்சி கைவந்துவிட்டால் அவருடைய திரைப்பாட்டுகள் எல்லாமே புதிதாகிவிடும்.

நான்காம் படி: குடியிருக்கும் ஊரின் பாட்டு

பத்து வருடம் இங்கே இருந்தும் ஒரு கன்னட ஆல்பம்கூட இல்லாத தமிழ் வீடுகள் உண்டு. எனக்கு அது வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் வாசல் நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ‘காலங்களில் அவள் வசந்தம்’ பாடிய பி.பி. ஸ்ரீநிவாஸ்தான் கன்னடத்தில் ராஜ்குமாரின் பாட்டுக் குரல். கன்னடப் படங்களுக்கு இசையமைத்த ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தவர் இளையராஜா. அந்த மூவர் வழியாக உள்ளே போய், பழைய ராஜ்குமார் படம் ஒன்றின் பாட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ‘நித்யோத்ஸவ’. கே.எஸ். நிசார் அகமதுவின் கவிதைகளுக்கு மைசூர் அனந்தசாமி மெட்டமைத்தார். 1978இல் வந்தது, கன்னட மெல்லிசையில் முதல் கேசட். நவீனக் கவிஞரின் வரிகளை வீட்டில் எல்லோரும் பாடும் பாட்டாக்கிய இந்த மரபு கன்னடத்தில் மிகச் செழிப்பானது. அலுவலகத்தில் கன்னட நண்பர் யாரிடமாவது இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். அடுத்து எதை வாங்குவது என்று அவரே சொல்லிவிடுவார். சி. அஸ்வத் பாடிய, கன்னட ஞானக் கவிஞர் சிசுநாள ஷெரீப்பின் பாடல்களுக்குத்தான் அநேகமாக அனுப்புவார்.

வட கர்நாடகம் இந்துஸ்தானி இசையின் பெரும் பாடகர்களைத் தந்த மண். தார்வாடின் மல்லிகார்ஜுன் மன்சூர், ஹூப்ளியின் கங்குபாய் ஹங்கல், கதக் பக்கத்திலிருந்து போன பீம்சேன் ஜோஷி. புதியவர் பீம்சேன் ஜோஷியின் ‘தாசவாணி’யில் தொடங்கலாம். புரந்தரதாசர் போன்ற ஹரிதாசர்களின், அதாவது கன்னட பக்திக் கவிஞர்களின் பாடல்கள். சொற்கள் நமக்குத் தெற்கே பழகியவை, பாடும் முறை வடக்கே போனது.

இப்போது கர்ணனில் குறித்து வைத்ததை எடுங்கள். ‘கால் ஆஃப் தி வேலி’, 1967. சிவ்குமார் சர்மாவின் சந்தூர், ஹரிபிரசாத் சௌராசியாவின் குழல், பிரிஜ் பூஷண் காப்ராவின் கிட்டார். காஷ்மீர் ஆட்டிடையன் ஒருவனின் ஒரு நாளை விடியலிலிருந்து இரவு வரை சொல்கிறது. விடியலுக்கு எடுத்துக்கொண்டது ஆஹிர் பைரவ். சீர்காழியின் பாட்டை ஒரு முறை போட்டுவிட்டு, உடனே இந்தத் தட்டின் தொடக்கத்தைப் போடுங்கள். ராகம் என்றால் என்ன என்பதற்கு இதைவிட நேரான பாடம் நான் அறிந்ததில்லை.

ஐந்தாம் படி: கடல் கடந்து

மேற்கத்திய இசைக்குப் பட்டியல்கள் மலைபோல் கிடக்கின்றன. நமக்கு நான்கு போதும், அவையும் ஏற்கெனவே கேட்டவற்றோடு கைகோத்து வர வேண்டும்.

‘சக்தி’ குழுவின் முதல் ஆல்பம், 1976. ஜான் மெக்லாஃப்லின் கிட்டார், எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, விக்கு விநாயக்ராம் கடம், ராம்நாடு ராகவன் மிருதங்கம். அதே குழு புதிய உறுப்பினர்களோடு செய்த ‘திஸ் மொமென்ட்’ 2024இல் கிராமி விருது வாங்கியது. மெக்லாஃப்லின் அதற்கு முன் மைல்ஸ் டேவிஸோடு வாசித்தவர். அந்த நூலைப் பிடித்துப் போனால் 1959இன் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’. ஜாஸ் புரியாது என்று பயப்பட வேண்டாம். முதல் உருப்படி ‘ஸோ வாட்’ பெரும்பகுதி ஒரே சுர வரிசையில் நிற்கிறது. சுரங்களைக் கணக்கிட்டால் நம் கரகரப்பிரியா ராகம்தான். நடுவில் அந்த வரிசை அப்படியே அரைச் சுரம் மேலே நகர்ந்து, பிறகு இறங்கி வரும். அந்த நகர்வைக் காது பிடித்துவிட்டால் பாதி ஜாஸ் பிடிபட்ட மாதிரி.

‘ஹவ் டு நேம் இட்’ காட்டிய பாஹுக்கு, கிளென் கூல்டின் பியானோவில் கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ். அவர் 1955இல் ஒரு முறையும் 1981இல் ஒரு முறையும் பதிவு செய்தார். முதலாவது 38 நிமிடத்தில் பறக்கிறது, இரண்டாவது 51 நிமிடம் எடுத்துக்கொள்கிறது. புதியவருக்கு 1981 பதிவையே சொல்வேன். நான்காவது உங்கள் விருப்பம்: பீட்டில்ஸ், பாப் மார்லி, 1997இல் வந்த கியூபாவின் ‘புவெனா விஸ்டா சோஷியல் கிளப்’, எதுவும் சரி.

ஆறாம் படி: விட்டுப்போகும் குரல்கள்

கடைசி இரண்டு இடத்தை வேறெதற்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒன்று நாட்டுப்புறப் பாட்டுக்கு: விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனோ கே.ஏ. குணசேகரனோ பாடிய பதிவு. குணசேகரன் பாடுவது தலித் மக்களின் பாட்டு. பறையின் அடியை அதற்குரிய மரியாதையோடு கேட்கலாம். இன்னொன்று இந்தக் காலத் தமிழ்ச் சுயாதீன இசைக்கு: ராப் பாடகர் அறிவும் இசையமைப்பாளர் ஆஃப்ரோவும் செய்த ‘தெருக்குரல்’, 2019. மலேசியாவின் யோகி பி குழு 2006இல் கொண்டுவந்த ‘வல்லவன்’ ஆல்பத்தையும் இதற்கு முன்னோடியாகக் கேட்டுவிடுங்கள்.

ஏழாம் படி: எங்கே, எப்படி வாங்குவது

எல்.பி.தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மாதம் ஆயிரம் ரூபாய்தான் ஒதுக்க முடியும் என்றால் நல்ல கம்பி ஹெட்போன் ஒன்றை முதலில் வாங்கிவிட்டு, சி.டி.யும் கோப்புமாகச் சேருங்கள். தட்டு வாசிக்கும் கருவி வாங்குவதானால் பெட்டி வடிவில் வரும் மலிவான வகையைத் தவிர்த்துவிடுங்கள். ஊசியின் எடை சுமார் 2 கிராமுக்குச் சரிசெய்யக்கூடியதாகவும், ஊசி மாற்றக்கூடியதாகவும் இருக்க வேண்டும். அதிக எடையில் ஓடும் ஊசி பள்ளங்களைத் தேய்த்துவிடும். 78 தட்டுக்கு ஊசியே தனி. கம்பி, பெல்ட், சில்லறைச் சாமான்களுக்கு எஸ்.பி. ரோடு இருக்கிறது.

பழைய தட்டுகளுக்குச் சிக்பேட்டை, பி.வி.கே. ஐயங்கார் ரோடு பக்கம் கூடும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையைச் சுற்றிப் பாருங்கள். காலையிலேயே போய்விட வேண்டும். அல்சூர், மல்லேஸ்வரம் பக்கத்துப் பழைய தமிழ்க் குடும்பங்கள் வீட்டை இடித்துக் கட்டும்போது பரணிலிருந்து இறங்கும் தட்டுகளும் உண்டு. தெரிந்தவர்களிடம் சொல்லி வையுங்கள்.

தட்டைக் கையில் எடுத்ததும் செய்ய வேண்டியது இது. விளிம்பையும் நடு லேபிளையும் மட்டும் பிடித்து, வெயிலுக்கு நேரே சாய்த்துப் பாருங்கள். மெல்லிய மயிரிழைக் கீறல்கள் பரவாயில்லை. ஒரு கீறல் உறுத்தினால் நகத்தை அதன் குறுக்கே லேசாக ஓட்டுங்கள். நகம் தட்டுப்பட்டால் ஊசியும் அங்கே குதிக்கும். நடுத்துளையைச் சுற்றி லேபிளில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள் இருந்தால், பலமுறை தடவித் தடவி மாட்டியிருக்கிறார்கள், நிறைய ஓடிய தட்டு. பிறகு கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து ஓரத்தைச் சுழற்றிப் பாருங்கள், வளைவு தெரியும். கடைசியாக, அட்டைக்குள் இருப்பது அந்தத் தட்டுதானா என்று லேபிளைப் படியுங்கள். நடைபாதைக் கடைகளில் அட்டை ஒன்றும் தட்டு ஒன்றுமாக இருப்பது சகஜம். அட்டையில் யாரோ பேனாவால் பெயரும் தேதியும் எழுதியிருந்தால் அதைக் குறையாக நினைக்க வேண்டாம். எந்த வீட்டிலிருந்து எந்த வருடம் வந்தது என்பதற்கு அதுவே சான்று.

கேசட் என்றால் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தொடாதீர்கள், அது கருவிக்கும் பரவும். பாடகர் பெயரையும் படித்துவிடுங்கள், அசல் பாட்டை வேறு குரலில் பாடி விற்ற கேசட்டுகள் ஏராளம். சி.டி.யில் எல்லோரும் அடிப்பக்கத்தைப் பார்க்கிறார்கள். மேல்பக்கத்துக் கீறல்தான் ஆபத்து, ஏனென்றால் ஒளியைத் திருப்பும் படலம் லேபிளுக்கு நேர் கீழே இருக்கிறது. விளக்குக்கு நேரே பிடித்தால் ஊசித்துளை தெரியும்.

எட்டாம் படி: வைத்துக் காப்பது

தட்டுகளை நிமிர்த்தி நிற்க வையுங்கள். ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் வளையும். பெங்களூரின் வெயில் கொடுமையானது அல்ல, ஆனால் ஜன்னலோர வெயிலே தட்டை வளைக்கப் போதும். மழைக்காலம் நீளமானது. மழை அடிக்கும் வெளிச்சுவரை ஒட்டி அலமாரி வேண்டாம். அட்டை பூஞ்சை பிடித்துவிடும். எல்.பி.யைக் காய்ச்சி வடித்த நீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, மென்துணியால் பள்ளத்தின் போக்கிலேயே துடைக்கலாம், லேபிள் நனையக் கூடாது. ஆனால் 78 தட்டில் ஆல்கஹால் கலந்த எந்தத் திரவமும் படவே கூடாது. அது அரக்கால் ஆனது, ஆல்கஹாலில் கரைந்துவிடும்.

சி.டி.யையும் தட்டையும் கணினியில் ஏற்றும்போது இழப்பில்லாத ஃப்ளாக் வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள், ஒரு சி.டி.க்குச் சுமார் 300, 400 எம்.பி. ஆகும், இன்றைக்கு அது பெரிய இடமல்ல. கோப்புக்குப் பெயர் வைப்பதில் சோம்பல் படாதீர்கள். பாடகர் பெயரும் பாட்டின் முதல் வரியும் மட்டும் போதாது. ராகம், தாளம், இயற்றியவர், வயலின், மிருதங்கம், பதிவான ஆண்டு, முதலில் வெளியிட்ட நிறுவனம் எல்லாம் வேண்டும். திரைப்பாட்டுக்குப் பாடலாசிரியர் பெயர் கட்டாயம். பெயர்களைத் தமிழிலேயே, ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் ஒருவருக்கே நான்கு விதமாக எழுதி, தேடும்போது மூன்று காணாமல் போகும். மிருதங்கக்காரரைப் பின்தொடரச் சொன்னேனே, அவர் பெயரைத் தட்டினால் அவர் வாசித்த அத்தனையும் ஒரே வரிசையில் வந்து நிற்க வேண்டுமானால் இந்த வேலையை முதல் ஆல்பத்திலிருந்தே செய்ய வேண்டும். நூறு ஆன பிறகு செய்யலாம் என்று விட்டால் நடக்காது.

நம் நாட்டில் ஒலிப்பதிவின் காப்புரிமை வெளியான ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுகள். அதாவது 1963இல் வந்த தட்டின் ஒலிப்பதிவு உரிமை 2023 முடிவோடு தீர்ந்தது. பாட்டின் மெட்டுக்கும் வரிக்கும் உள்ள உரிமை வேறு கணக்கு, அது படைத்தவரின் மறைவிலிருந்து தொடங்கும். நீங்கள் கணினியில் ஏற்றியதை நண்பர்களுக்குக் கொடுக்கும் முன் இதை நினைவில் வையுங்கள். உயிரோடு பாடிக்கொண்டிருப்பவரின் ஆல்பத்தைக் காசு கொடுத்தே வாங்குங்கள். வன்வட்டு ஒன்றை நம்பி இருக்க வேண்டாம். இரண்டாவது பிரதியை வேறொரு வட்டில் எடுத்து, வேறொரு வீட்டில் வையுங்கள்.